கல்லும் காலும்: மன்னாரின் பழங்கட்டடங்களை நடந்து காணுதல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பெருநிலப்பரப்பிலிருந்து தாம்போதி வழியாக மன்னாருக்கு வருகிறவர்கள் கோட்டையைப் பெரும்பாலும் பஸ்ஸின் யன்னலூடாகத்தான் பார்த்திருக்கிறார்கள். பாலம் முடிந்ததும் கறுத்த மதில் ஒன்று கண்ணில் பட்டு மறைகிறது. அடுத்த தரிப்பு கடைத்தெரு. அலுவல் முடிந்து திரும்பும்போதும் அதே யன்னல், அதே மதில். 1560இல் எழுந்து, மூன்று ஐரோப்பிய ஆட்சிகளையும் ஒரு நீண்ட போரையும் கண்ட கட்டடத்துக்கு இவ்வளவு நேரந்தான் கிடைக்கிறது. குறை பயணியிடம் இல்லை. அங்கே இறங்கி நடப்பதற்கு ஒரு வழி இன்னும் வகுக்கப்படவில்லை.

மற்ற ஊர்களில் அந்த வழி இருக்கிறது. 1988இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட காலிக் கோட்டையின் தெருக்களில் நடப்பதற்கென்றே தொலைதூரத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். சென்னையில் எஸ். முத்தையாவும் நண்பர்களும் 2004இல் தொடங்கிவைத்த சென்னை நாள், ஒவ்வோர் ஆகஸ்டிலும் மயிலாப்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் ஆட்களைக் காலாற நடக்கவைக்கிறது. வீட்டு முகப்பைப் பார், தூணைப் பார், கட்டியவர் பெயரைக் கேள் என்று அந்த நடைகள் போகும்.

மன்னாருக்கு அந்த முறையை அப்படியே கொண்டுவர முடியாது. இங்கே கட்டடங்கள் குறைவு. நிற்பவற்றில் பாதி இடிந்தவை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே உப்பளம், பனங்கூடல், முட்புதர், வெயில். ஆனால் இந்தக் கரைக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு. இங்கே எதுவும் பிறந்த இடத்தில் இருந்ததில்லை. கோவிலின் கல் கோட்டைக்குப் போனது என்கிறார்கள். மாந்தையின் மாதா மடுக் காட்டுக்குப் போனார். புன்னைக்காயலின் பரதவர் தீவுக்கு வந்தார்கள். எருக்கலம்பிட்டியின் மக்கள் புத்தளத்துக்குப் போனார்கள். ஒரு கட்டடத்தை மட்டும் நின்று பார்த்தால் பாதிக் கதைகூடக் கிடைக்காது. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நடந்தால்தான் கல்லும் சிலையும் மனிதரும் போன தடம் புலப்படும். இந்த உரை அந்தத் தடங்களைப் பின்தொடர்கிறது.

கோட்டையிலிருந்தே தொடங்கலாம்.

1560இல் கோவாவிலிருந்து போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தாந்தினோ டி பிரகன்சா பெருங்கப்பற்படையோடு யாழ்ப்பாண அரசைத் தாக்க வந்தார். எண்ணியபடி யாழ்ப்பாணம் கையில் நிற்கவில்லை. திரும்பும் வழியில் மன்னாரைப் பிடித்து அங்கே கோட்டை கட்டச் செய்தார். மறுகரையில் தாக்குதலுக்கு ஆளாகிக்கொண்டிருந்த புன்னைக்காயலிலிருந்து பரதவக் குடும்பங்கள் இங்கே குடியேற்றப்பட்டன. தமிழ் அச்சு வரலாற்றில் முதலில் நிற்கும் பெயர்களில் ஒன்றான என்றிக்கே என்றிக்கசு அடிகளும் 1560களின் தொடக்கத்தில் மன்னாரில் தங்கியிருந்தார். தமிழ்நாட்டில் தம்பிரான் வணக்கத்தைப் படிக்கிறவர்கள், அதைத் தமிழாக்கியவர் இந்த மதிலுக்கருகே நடமாடியவர் என்பதை அறிந்தால் மகிழ்வார்கள்.

கோட்டை சதுர வடிவானது. நான்கு மூலையிலும் கொத்தளங்கள், சுற்றிவர அகழி. 1658 பெப்ரவரியில் ரிக்லொவ் வான் கூன்ஸ் தலைமையில் வந்த ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். இன்று காணும் உருவம் பெரும்பாலும் 1696இல் அவர்கள் புதுக்கிக் கட்டியது. 1795 அக்டோபரில் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. உள்ளே கூரையில்லாத சிற்றாலயச் சுவர்களும் ஒல்லாந்தர் காலக் கல்லறைக் கற்களும் இருக்கின்றன. கொத்தளத்தின் மேல் ஏறி நின்றால், இந்த இடத்தை ஏன் தெரிந்தெடுத்தார்கள் என்று எவரும் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட கடல் முழுவதும் கண்ணுக்குள் அடங்குகிறது. எந்த வள்ளமும் பார்வைக்குத் தப்பிப் போக முடியாது.

மதிலை நடந்து சுற்றுகிறவர் கற்களை உற்றுப் பார்க்க வேண்டும். முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுந்த சுவர் அது. திருக்கேதீச்சரக் கோவிலை இடித்த கற்களும் இந்தக் கோட்டைக்குள் போயின என்பது தலைமுறைகளாகச் சொல்லப்படும் செய்தி. எந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று சொல்ல மதிலை முறைப்படி ஆராய வேண்டும். அந்த ஆய்வைச் செய்யும் வரை செவிவழிச் செய்தியையும் கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்வதுதான் நேர்மை. வழிகாட்டி ஒருவர் முதலில் பழக வேண்டிய ஒழுக்கமும் இதுதான். ஊர் சொல்வது இது, ஏடு சொல்வது இது, கல் காட்டுவது இது என்று மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும்.

கோட்டைக்குப் பக்கத்திலேயே பாலம். 1990இல் பழைய பாலம் தகர்க்கப்பட்ட பிறகு இருபது ஆண்டுக்காலம் தீவு மக்கள் தற்காலிகப் பாலத்தையே நம்பியிருந்தார்கள். யப்பானின் உதவியோடு கட்டப்பட்ட இன்றைய பாலம் 2010 மார்ச்சில் திறந்தது. பழங்கட்டடம் என்று எவரும் அதைச் சொல்லமாட்டார்கள். ஆனால் மன்னார் மனிதர் ஒருவரிடம் ஊரைப் பற்றிக் கேட்டால், பாலம் உடைந்ததற்கு முன், உடைந்ததற்குப் பின் என்றுதான் காலத்தைக் கணக்கிடுகிறார். நடை உலாவில் அதற்கு இடம் இருக்க வேண்டும்.

பாலத்திலிருந்து கடைத்தெருவுக்குப் போகும் வழியில் இன்னோர் இடம் இருக்கிறது. 2018இல் பழைய சதொச கட்டடம் இருந்த நிலத்தில் புதிய கட்டடத்துக்காக மண் எடுத்தபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் மாதக்கணக்கில் அகழ்ந்தார்கள். 300க்கு மேற்பட்ட மனித எச்சங்கள் எடுக்கப்பட்டன. சிறுவர்களின் எலும்புகளும் அவற்றில் இருந்தன. அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள ஆய்வகத்துக்கு மாதிரிகள் அனுப்பப்பட்டன. அவை நூற்றாண்டுகள் பழையவை, அதாவது ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தையும் அதற்குச் சற்று முந்திய காலத்தையும் சேர்ந்தவை என்ற முடிவு 2019இல் வந்தது. காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்த தாய்மாரால் அந்த முடிவை அப்படியே ஏற்க முடியவில்லை. மாதிரிகளின் தெரிவு பற்றியும் மேலும் சோதனை வேண்டும் என்றும் அவர்களும் சட்டத்தரணிகளும் கேள்வி எழுப்பினார்கள். கோட்டையின் காலமும் அண்மைப் போரின் காலமும் ஒரே குழியின் முன் எதிர்நின்ற இடம் அது. அதைத் தவிர்த்துவிட்டு நகரின் கதையைச் சொல்ல எந்த வழிகாட்டிக்கும் உரிமை இல்லை. அங்கே குரலைத் தாழ்த்தி, தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும்.

பெரியகடை, மூர்வீதி, உப்புக்குளம், சின்னக்கடை என்று நகரின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு நடந்தாலே யார் யார் இங்கே வாழ்ந்தார்கள், என்ன தொழில் நடந்தது என்று பாதி விளங்கிவிடும். புனித செபஸ்தியார் பேராலயம், பள்ளிவாசல்கள், பிள்ளையார் கோவில்கள் எல்லாம் ஒரு காலை நடைக்குள் அடங்கும் தூரத்தில் இருக்கின்றன. மன்னார் மறைமாவட்டம் 1981இல்தான் உருவானது. ஆனால் இந்தத் தீவின் கத்தோலிக்கம் 1544க்குப் போகிறது. அந்த ஆண்டு பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் திருமுழுக்குப் பெற்ற அறுநூறு பேர் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் கட்டளையால் கொல்லப்பட்டார்கள். தோட்டவெளியில் அவர்களுடைய நினைவு இன்றும் வழிபாடாக வாழ்கிறது.

நகர் நடை பள்ளிமுனையில், பெருக்கமரத்தின் அடியில் முடியலாம். கட்டடங்களைப் பற்றிய உரையில் மரத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 19 மீட்டருக்கு மேல் சுற்றளவும், அதில் பாதிகூட இல்லாத உயரமும் கொண்ட அந்த மரம் மன்னாரின் எந்தக் கட்டடத்தையும்விடப் பழையதாக இருக்கக்கூடும். ஆபிரிக்காவின் மரம் அது. அராபிய வணிகர்கள் கொண்டுவந்து நட்டார்கள் என்று ஊர் சொல்கிறது. எமர்சன் டெனன்ட் 1859இல் இலங்கையைப் பற்றி வெளியிட்ட தன் நூலில் மன்னாரின் பெருக்கமரங்களை வியந்து எழுதினார். கடல் கடந்து வந்து வேர் விட்டவை பற்றிய கதையில் அதற்கு முதலிடம் கொடுத்தாலும் தகும்.

இனிப் பெருநிலத்துக்குத் திரும்ப வேண்டும். மன்னாரின் தாய் நகரம் தீவில் இல்லை. பாலத்துக்கு அப்பால், மாந்தையில் இருக்கிறது.

இன்று அது புல் மூடிய மண்மேடு. சுற்றிவர அகழியின் தடம். பார்க்க ஒன்றும் இல்லை என்று நினைத்துப் பலர் கடந்துபோகிறார்கள். மாதோட்டம் என்று தேவாரமும் மகாதித்த என்று மகாவம்சமும் சொன்ன துறைமுகம் இந்த மேட்டின் கீழே இருக்கிறது. அநுராதபுரம் தலைநகராக இருந்த ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக வெளியுலகம் அந்த நகரத்துக்குள் வந்த பெருவாசல் இது. தொல்லியலாளர் கொகார்ட் 1920களில் அகழ்ந்தார். ஜோன் கார்ஸ்வெல் தலைமையிலான குழு 1980இலிருந்து அகழ்ந்தது. சீன மட்பாண்டங்கள், பாரசீக வளைகுடாவின் பச்சை நீல மெருகு பூசிய ஓடுகள், மணிகள் என்று மேடு தன் கதையைச் சொல்லத் தொடங்கிய நேரத்தில், 1984இல், போர் அந்தப் பணியை நிறுத்தியது. அகழ்ந்தவற்றின் முழு அறிக்கை நூலாக வர 2013 ஆனது. போர் ஓய்ந்த பின் நடந்த அகழ்வில் கரிந்த கிராம்பு ஒன்று கிடைத்தது. கிராம்பு அக்காலத்தில் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டுமே விளைந்தது. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஏதோ ஒரு சமையலறையிலோ கிட்டங்கியிலோ சிந்திய ஒற்றைக் கிராம்பு, மாந்தையிலிருந்து மலுக்கு வரை கடல்வழி திறந்திருந்ததைச் சொல்லிவிட்டது.

மேட்டின் பக்கத்திலேயே திருக்கேதீச்சரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். ஈழத்தில் தேவாரம் பெற்ற இரண்டில் ஒன்று; மற்றது திருக்கோணேச்சரம். சோழர் காலத்தில் மாதோட்டம் இராசராசபுரம் என்ற பெயரும் பெற்றது. சோழநாட்டுச் சிறுகூற்றநல்லூரைச் சேர்ந்த தாழிகுமரன் என்பவர் இங்கே இராசராச ஈச்சரம் என்ற கோவிலை எழுப்பியதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோவில் இருந்த மண்ணில் கல் இல்லை, கல் இருக்கும் நகரில் கோவில் இல்லை. மாந்தையில் நடக்கிறவருக்கு அந்தக் கல்வெட்டின் நிழற்படமும் பாடமும் அந்த இடத்திலேயே கிடைக்கச் செய்வது பெரிய செலவில்லாத வேலை.

போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்த திருக்கேதீச்சரத்தை மீண்டும் எழுப்ப வேண்டும் என்று ஆறுமுக நாவலர் 1872இல் குரல் கொடுத்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின், 1893இல், அந்த நிலம் ஏலத்தில் வாங்கப்பட்டது. காட்டை வெட்டித் தோண்டியபோது பழைய திருவுருவங்கள் வெளிப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் சேர் கந்தையா வைத்தியநாதன் திருப்பணிச் சபையை முன்னின்று நடத்தினார். 1976இல் குடமுழுக்கு நடந்தது. போர்க்காலத்தில் நெடுநாள் இப்பகுதி இராணுவத்தின் வசம் இருந்தது. அதற்குப் பின், இந்திய அரசின் உதவியோடு கருங்கல்லில் எழுந்த கோவிலுக்கு 2022 ஜூலையில் குடமுழுக்கு நிறைவேறியது. மாமல்லபுரத்துச் சிற்ப மரபில் செதுக்கிய கல், கடல் தாண்டி மாதோட்டத்துக்கு மறுபடியும் வந்தது. நானூறு ஆண்டுக்கு முன் இங்கிருந்து போன கல்லின் இடத்துக்குப் புதிய கல் வந்திருக்கிறது என்று கோவிலின் பாலாவித் தீர்த்தக் கரையில் நிற்கும் அடியவர் நினைத்தால் அதில் பிழை சொல்ல முடியாது. சிவராத்திரியன்று பாலாவித் தீர்த்தத்தைக் குடத்தில் எடுத்து வரிசையாக நடந்து மகாலிங்கத்துக்குத் தம் கையாலேயே ஊற்றுகிறார்கள். கட்டடம் அழிந்தாலும் நடைபாதை அழியாமல் இருந்ததற்கு அந்த வரிசையே சாட்சி.

அதே மாந்தையிலிருந்து இன்னொரு பயணம் புறப்பட்டது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலம். 1670ஆம் ஆண்டளவில் மாந்தைக் கோவிலின் மாதா திருவுருவத்தை இருபது குடும்பங்கள் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நடந்தன என்பது மரபு. அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் மருதமடு. இன்று ஆகஸ்ட் 15 திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவரும் இலட்சக்கணக்கில் வந்து கூடும் மடுத் திருத்தலம் அது. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது திருவுருவம் மீண்டும் ஒருமுறை இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போய், சில மாதங்களில் திரும்பி வந்தது. 2015 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிசு வந்து அதன் முன் நின்றார்.

சிவனடியாரின் வழியும் மாதா பக்தரின் வழியும் மாந்தையில் ஒரே வீதியில் தொடங்குகின்றன. 2019 சிவராத்திரிக்கு முந்திய நாளில், அந்த வீதி முகப்பில் நின்ற வளைவு ஒன்றைப் பற்றி இரு தரப்புக்கும் பிணக்கு மூண்டது. நாடு முழுவதும் அந்தக் காட்சி பரவி இரு தரப்பாரையும் வேதனைப்படுத்தியது. வரலாற்றை ஒவ்வொருவரும் தம் வாசலிலிருந்து மட்டும் பார்த்ததன் விளைவு அது. திருக்கேதீச்சரத்தையும் மாந்தை மாதா கோவிலையும் அகழ்வு மேட்டையும் ஒரே நடையில், ஒரே வழிகாட்டி சொல்ல, இந்துப் பிள்ளையும் வேதக்காரப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் சேர்ந்து கேட்க வேண்டும். பிணக்குத் தீர்வதற்கு அது போதாது என்று சிலர் சொல்லலாம். முதலில் அதைச் செய்து பார்க்கட்டும்.

அடுத்தது தெற்கே, அரிப்பு.

அருவி ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே அரிப்பின் பழைய கோட்டை. 1679 அக்டோபரில் அதன் வாசலுக்கு இரண்டு பேர் நடந்து வந்தார்கள். கண்டி அரசில் பத்தொன்பது ஆண்டுக்கு மேல் சிறைப்பட்டிருந்த ரொபேட் நொக்சும் அவருடைய தோழர் ஸ்டீபன் ரட்லண்டும் அவர்கள். வணிகர்போல வேடம் கொண்டு அநுராதபுரம் வரை வந்து, அதன்பின் ஆற்றின் போக்கைப் பிடித்துக்கொண்டு யானைக்காட்டின் ஊடாக இறங்கினார்கள். கோட்டையில் இருந்த ஒல்லாந்தர் அவர்களை வரவேற்று மன்னாருக்கு அனுப்பிவைத்தனர். 1681இல் இலண்டனில் நொக்ஸ் எழுதிய நூல் வெளிவந்தது. ஐரோப்பா இலங்கையின் உள்நாட்டைப் பற்றி அறிந்தது பெரும்பாலும் அந்த நூலால். மன்னாரின் பழங்கட்டடம் ஒன்றுக்கு நடந்தே வந்து சேர்ந்தவர்களில் உலகப் புகழ் பெற்றவர் நொக்ஸ். ஆனால் அரிப்பில் வளர்ந்த பிள்ளைகளுக்கே அவருடைய பெயர் சரியாகச் சொல்லிக் கொடுக்கப்படவில்லை.

அங்கிருந்து கடற்கரையோரமாக நடந்தால் ஊரார் அல்லிராணிக் கோட்டை என்று சொல்லும் இடிபாடு. அருச்சுனனை எதிர்த்து நின்ற கதை நாயகி அல்லியின் பெயரை ஊர் அதற்குச் சூட்டியிருக்கிறது. கட்டியவர் பிரித்தானிய இலங்கையின் முதலாவது ஆளுநர் பிரெடெரிக் நோர்த். 1801இலிருந்து 1804 வரை கட்டுமானம் நடந்தது. கிரேக்கத் தூண் மரபைப் பின்பற்றியதால் டோரிக் மாளிகை என்று பெயர். செங்கல்லால் எழுப்பி மேலே வெண்சாந்து பூசிய மாடிக் கட்டடம் அது. 1807இல் வெளியான ஜேம்ஸ் கோர்டினரின் நூல் அதைப் புகழ்ந்து விவரிக்கிறது.

ஆளுநருக்கு இந்த மணல்வெளியில் மாளிகை எதற்கு? முத்துக்காக. அரிப்புக்கு எதிரே கடலடியில் முத்துப்பார்கள் இருந்தன. சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, கூடும் பருவத்தில், சிலாவத்துறையிலிருந்து மரிச்சுக்கட்டி வரை ஆளற்ற கரையில் சில வாரங்களுக்கு ஒரு பெருநகரமே ஓலையாலும் கம்பாலும் எழுந்துவிடும். கீழக்கரைச் சோனகர், தூத்துக்குடிப் பரதவர், அராபியச் சுழியோடிகள், பம்பாய் வணிகர், செட்டிமார், வட்டிக்குக் கொடுப்போர், சாமியார், வைத்தியர் என எல்லோரும் வந்து குவிவார்கள். 1790களின் இறுதியில் நடந்த சலாபங்கள் அரசுக்கு அள்ளிக் கொடுத்தன. அந்த வருவாயை மேற்பார்க்கவே மாளிகை. சலாபம் முடிந்ததும் ஓலை நகரம் ஒரு தடயமும் இல்லாமல் கலைந்துபோகும். கலையாமல் நின்றது ஆளுநரின் வீடு மட்டும்.

இந்தக் கரையின் செல்வம் எப்படித் தீர்ந்தது என்பதும் சொல்லப்பட வேண்டும். 1905 சலாபத்தில் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டே முத்துப்பார்கள் இருபது ஆண்டுக் குத்தகைக்கு ஓர் ஆங்கிலக் கம்பனியிடம் போயின. சில ஆண்டுகளில் சிப்பியும் இல்லை, கம்பனியும் இல்லை. 1906 சலாபத்தில் மரிச்சுக்கட்டியில் கடமையாற்றிய இளம் அதிகாரி ஒருவர், கொட்டில் சிப்பி அழுகும் நாற்றத்தையும் இரவு பகலாக நடந்த பங்கீட்டையும் மறக்காமல் பின்னாளில் எழுதினார். அவர் லெனாட் வூல்ஃப். பிறகு எழுத்தாளர் வெர்ஜினியாவை மணந்தவர்.

டோரிக் மாளிகையைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது. அது நின்ற மணற்பாறை சரியச் சரியச் சுவர்களும் சரிகின்றன. கோர்டினர் கண்ட கட்டடத்தில் இன்று மிஞ்சியவை சில சுவர்களும் தூண் துண்டுகளும் படிக்கட்டின் எச்சமும். மன்னார்க் கரையில் வேறெந்தப் பழங்கட்டடத்துக்கும் இவ்வளவு குறுகிய தவணை இல்லை.

தீவின் மறுமுனைக்குப் போகும் வீதியில் பழமைப் பட்டியல் எதிலும் இடம்பெறாத கட்டடங்கள் இருக்கின்றன. எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் கூரை இழந்து, நடு வீட்டில் மரம் முளைத்து, சுவர் மட்டும் நின்ற வீடுகள் அவை. 1990 அக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவின் முஸ்லிம் ஊர்கள் சில நாட்களில் வெறுமையாகின. அவர்களில் பெரும்பாலோர் புத்தளத்தின் முகாம்களில் இரண்டு தலைமுறைகளை வளர்த்தார்கள். திரும்பி வந்தவர்கள் பழைய அத்திவாரத்தின் மீதே கட்டியிருக்கிறார்கள். இன்னும் கட்டாதவர்களும் உண்டு. அந்த ஆண்டுகளிலேயே பேசாலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் தமிழர்கள் இரவில் வள்ளம் ஏறி இராமேசுவரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மண்டபம் முகாமில் பிறந்த பிள்ளைகளின் ஊர்ப் பெயராக மன்னார் நிலைத்தது. 2006 ஜூனில் பேசாலை வெற்றிமாதா ஆலயத்துக்குள் அடைக்கலம் புகுந்திருந்த மக்களும் தாக்கப்பட்டார்கள். ஒரு வீட்டுச் சுவர் முப்பது வயதானாலும் வரலாற்றுச் சின்னம் ஆகலாம். அந்த வீட்டுக்காரர் சம்மதித்து, அவரே நின்று சொன்னால், நடந்து வருகிறவர்கள் கேட்க வேண்டிய கதை அது.

தலைமன்னாரில் தீவு முடிகிறது. அப்பால் இராமர் பாலம் என்றும் ஆதாம் பாலம் என்றும் சொல்லப்படும் மணல்திட்டுகள். இங்கே பார்க்க வேண்டியவை இறங்குதுறையும் வெளிச்சவீடும். வெளிச்சவீடு 1915இல் எழுந்தது. அதற்கு முந்திய ஆண்டு பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் திறந்தன. சென்னையிலிருந்து புகையிரதத்தில் தனுஷ்கோடி வந்து, அங்கிருந்து கப்பலில் ஏறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடியும் புகையிரதத்தில் கொழும்பு சேரும் போட் மெயில் பயணம் தொடங்கியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து வந்தது. 1980களின் முதற்பாதியில் அதுவும் நின்றது. 1990இல் புகையிரதமும் நின்றது. 25 ஆண்டு கழித்து, இந்திய நிறுவனமான இர்கொன் மீண்டும் அமைத்த பாதையில், 2015 மார்ச் 14 அன்று முதல் வண்டி தலைமன்னாரிலிருந்து புறப்பட்டது. இந்தியப் பிரதமர் அன்று அங்கே இருந்தார். கப்பல் ஏற வரும் பயணிதான் இல்லை. இறங்குதுறையின் இரும்பும் பலகையும் உப்புக்காற்றில் அரித்துப்போய் நிற்கின்றன.

புகையிரதத்துக்கு முன் இந்தக் கரையில் இறங்கியவர்கள் நடந்தார்கள். கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டின் கிராமங்களிலிருந்து வந்த ஏழைகள், மன்னார்க் கரைகளில் இறங்கி, காட்டின் ஊடாக, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை போனார்கள். வாந்திபேதி, காய்ச்சல், பட்டினி, தண்ணீரில்லாத வழி. எத்தனையோ பேர் மலையைக் காணாமலே வழியோரத்தில் புதைந்தார்கள். அவர்கள் மாளிகை எதுவும் கட்டவில்லை. இலங்கையின் பொருளாதாரத்தை அவர்களுடைய கைகள் கட்டின. 2023இல், மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, ஜூலை 28 அன்று தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டது. மூதாதையர் நடந்த வழியே 250 கிலோமீட்டருக்கு மேல் நடந்து, ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையை அடைந்தார்கள். வழியெங்கும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தண்ணீரும் சோறும் கொடுத்து வரவேற்றார்கள். இந்த உரை பேசும் பொருளுக்கு இதைவிடச் சிறந்த முன்னுதாரணம் இல்லை. கட்டடம் ஒன்றுமில்லாத ஒரு பாதையை, நடந்ததாலேயே ஒரு சமூகம் தன் நினைவுச் சின்னமாக்கிக்கொண்டது.

இனிச் செய்ய வேண்டியவை. மாசி, பங்குனி மாதங்கள் மன்னாரில் நடக்க ஏற்றவை. வாடை ஓய்ந்திருக்கும், சோளகம் வீசத் தொடங்கியிராது. வங்காலைக் களப்பில் பூநாரைகளும் இருக்கும். காலை ஆறு மணிக்குக் கோட்டை வாசலில் தொடங்கினால் வெயில் ஏறுமுன் பள்ளிமுனை சேர்ந்துவிடலாம். மாந்தைக்கு ஒரு காலை, அரிப்புக்கு ஒரு காலை, தலைமன்னாருக்கு ஒரு மாலை. கொழும்பிலிருந்து வழிகாட்டிகளை வரவழைக்கத் தேவையில்லை. சலாபக் கதை தெரிந்த அரிப்புக் கடற்றொழிலாளியும், போட் மெயிலில் வேலை பார்த்தவரின் மகளும், எருக்கலம்பிட்டிக்குத் திரும்பி வந்த ஆசிரியரும் இங்கேயே இருக்கிறார்கள். பள்ளி மாணவர்கள் அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்தால் நடைக்கான நூல் பாதி எழுதியாகிவிடும்.

அறக்கட்டளையின் முன் வைக்கப்படும் வேண்டுகோள் ஒன்றே ஒன்று, அதுவும் அவசரமானது. டோரிக் மாளிகையில் நிற்கும் ஒவ்வொரு சுவரையும் தூணையும் அளந்து, படம் வரைந்து, எல்லாப் பக்கங்களிலும் நிழற்படம் எடுத்து வைக்க வேண்டும். தொல்லியல் திணைக்களத்தின் அனுமதியோடு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் மாணவர்கள் செய்யக்கூடிய வேலை இது. தங்குமிடமும் சாப்பாடும் வாகனச் செலவும் கிடைத்தால் போதும். அடுத்த சோளகம் தொடங்குவதற்கு முன் அந்த மாணவர்கள் அரிப்பில் இறங்கியிருக்க வேண்டும்.